எந்தப் பக்கத்துச் சத்தம்

என் சித்தப்பா ஓர் ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருடமாகப் பல்லிகளைப் பராமரித்தவர். கூண்டு கழுவுவது, புழு போடுவது, தண்ணீர் தெளிப்பது எல்லாம் அவர்தான். ஒரு சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைப் பல்லியின் மூளை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று அங்கே ஆராய்கிறார்கள். எப்போதாவது ஒரு பல்லி தப்பிவிடும். அது ஒரு தடவை கத்தினால் போதும், சித்தப்பா நேராகப் போய்ப் பிடித்துவிடுவார். அதனால் அங்கே அவருக்கு ரேடார் என்று பேர்.

போன வருடம் ஒரு நாள் காலையில் எழுந்தபோது அவருக்கு வலது காது கேட்கவில்லை. சளி என்று விட்டுவிட்டார். ஒரு மாதம் கழித்துப் போனதற்கு, முதல் வாரமே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார் டாக்டர். ஆய்வுக்கூடத்தில் சித்தப்பா இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. தெரிந்தால் பல்லி அறையில் வைத்திருக்க மாட்டார்கள் என்று பயம். வீட்டில் மறைக்க முடியவில்லை. “சமையலறையிலேருந்து கூப்பிட்டா மனுஷன் போய் வாசக்கதவைத் திறக்கிறார்” என்று சித்தி கிண்டல் செய்தாள். கொஞ்ச நாளில் கிண்டலை நிறுத்திவிட்டாள்.

ஆனாலும் சித்தப்பா ஒன்றை நம்பிக்கொண்டிருந்தார். பல்லியின் ஒரு காதில் டார்ச் அடித்தால் மறு காது இளஞ்சிவப்பாக ஒளிரும். இரண்டு செவிப்பறைக்கும் நடுவே, வாய்க்குழி வழியாக, திறந்த பாதை இருக்கிறது. ஒரு பக்கத்துச் சத்தம் தலைக்குள் புகுந்து மறுபக்கச் செவிப்பறையைப் பின்னாலிருந்தும் தொடும். இரண்டும் அதிர்வதில் உள்ள வித்தியாசத்தை வைத்து மூளை திசையைக் கணிக்கும். மனிதருக்கும் அப்படி ஒரு வழி இருக்காதா என்று, தெரிந்தவர் ஒருவருக்காகக் கேட்பதுபோல ஆய்வாளர் மேடத்திடம் கேட்டார்.

“பல்லிக்குத் தலைக்குள்ள வழி இருக்குண்ணா. நமக்கு நடுவுல மூளையே அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. ரெண்டு காதும் சொல்றதை ஒப்பிட்டுத்தான் அது திசை சொல்லும். ஒண்ணு போயிட்டா எதோட ஒப்பிடறது?”

அடுத்த வாரம், மதியம், சோதனைக்கு எடுத்துவைத்திருந்த பல்லி கைநழுவி ஓடியது. மேடம் சித்தப்பாவைக் கூப்பிட்டார். பல்லி கத்தியது. அவர் ஜன்னல் பக்கம் போய் அலமாரியை நகர்த்தினார். மறுபடி கத்தியது. அவர் அதே அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். மேடம் எதிர்ச் சுவரில் இருந்த கைகழுவும் தொட்டிக்குக் கீழே குனிந்து, பல்லியைப் பிடித்து எடுத்தார்.

“அந்தத் தெரிஞ்சவர் நீங்கதானா?”

“இன்னொரு தடவை விட்டுப் பாருங்க மேடம். பிடிச்சுடுவேன்.”

மேடம் பல்லியைக் கூண்டில் போட்டு மூடினார்.

இப்போது சித்தப்பாவுக்குக் கூண்டு கழுவும் இயந்திரத்தில் வேலை. சம்பளம் அதேதான். மேடம் இரக்கப்பட்டு வாங்கித் தந்த இடம். அங்கே இரைச்சல் அதிகம் என்பதால் காதை அடைத்துக்கொள்ள வேண்டும் என்று விதி. காலை எட்டு மணிக்கு அவர் கேட்கும் காதில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு வேலையைத் தொடங்குகிறார்.