ஆறாவது தோட்டா

சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்த பிறகுதான் ரெய்னோ சாரெலா யாரையும் குடிசைக்குள் விடுவார். நவம்பரில் மான் வேட்டைக்குப் போய்த் தங்கும் மரக்குடிசை அது. வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொருவர் துப்பாக்கியையும் வாங்குவார், திறப்பார், கண்ணை நம்பாமல், தோட்டா போய் உட்காரும் பள்ளத்தில் விரலை விட்டுத் துழாவுவார். எண்ணெய் பட்ட விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, "ம், போ" என்பார்.

ஐம்பத்தேழு வயது. மிச்சிகனின் வடகோடியில், மாவட்டத்துப் பனி தள்ளும் வண்டியை ஓட்டுவது தொழில். நண்பர்கள் வைத்த பெயர் 'செக்போஸ்ட்'. "மூக்குக்குள்ளயும் விட்டுப் பாத்துடுடா, அங்கயும் ஏதாவது மாட்டியிருக்கப் போகுது" என்று டேல் பெல்கி வருடம் தவறாமல் தன் முகத்தை நீட்டுவார். டேல், வீட்டு எரிவாயுத் தொட்டிகளை நிரப்பும் லாரிக்காரர். வாயும் கிட்டத்தட்ட அதே அழுத்தத்தில் வேலை செய்யும். ரெய்னோவோ ஒரு நாளுக்கு இத்தனை சொல் என்று அளந்து வாங்கி வந்தவர் போலப் பேசுவார்.

எந்தப் பொருளின் அட்டைப்பெட்டியையும் அவர் எறிந்ததில்லை. காபி இயந்திரம் செத்துப் பதினோரு வருடம். பெட்டி நிலவறையில் உயிரோடு இருக்கிறது. உள்ளே ரசீது, ரசீதைச் சுற்றி ரப்பர் பேண்டு. "உன்னக் கட்டிக்கும்போது எனக்கும் ஒரு பொட்டி குடுத்திருக்கணும் எங்கப்பா. இந்நேரம் திருப்பி அனுப்பியிருப்ப" என்பார் மனைவி மார்லிஸ்.

இந்த அக்டோபரில் அந்தப் பழக்கத்துக்கு ஒரு பலன் கிடைத்தது. அவருடைய துப்பாக்கி, லீவரைத் தள்ளி இழுத்தால், குழலுக்கு அடியில் ஓடும் நீளக் குழாயிலிருந்து தோட்டாக்கள் ஒவ்வொன்றாக வந்து ஏறிக்கொள்ளும் வகை. ஆறு போட்டால் ஆறு வரவேண்டும். கோடையிலிருந்து ஐந்துதான் ஒழுங்காக வந்தது. ஆறாவது, மனம் இருந்தால் வந்தது. ரெய்னோ நிலவறையிலிருந்து பெட்டியை எடுத்தார், தூசி தட்டினார், கம்பெனிக்குப் போன் போட்டார்.

பழுதுப் பிரிவில் மேவிஸ் என்றொரு பெண்மணி. ஜலதோஷக் குரல்.

"துப்பாக்கி மட்டும் வந்தாப் போதும் சார். தோள்வார், தொலைநோக்கி ஒண்ணும் வேணாம். தோட்டா கூடவே கூடாது. என்ன கோளாறுன்னு ஒரு தாள்ல எழுதி உள்ள வைங்க. பொட்டி மேல துப்பாக்கின்னு மட்டும் எழுதிடாதீங்க. போன வாரம் ஒருத்தர் பெருசா ஒரு மான் படத்த ஒட்டி அனுப்பியிருக்கார்."

"சீசனுக்கு முன்னாடி வந்துடுமா?"

"நவம்பர் பதினஞ்சுதானே? வந்துடும். லீவர் துப்பாக்கியெல்லாம் எங்க வீட்டுக்காரர் மேசைக்குத்தான் வரும். நான் சொல்லி வைக்கிறேன்."

அனுப்ப வேண்டிய நாள் காலை ரெய்னோவுக்கு ஒரு சந்தேகம். கோளாறு இல்லாத துப்பாக்கியைக் கோளாறு என்று எழுதிவிட்டால்? கொல்லைப்புறத்து மண்மேட்டுக்குப் போனார். ஆறு தோட்டா போட்டார். ஐந்து வெடித்தன. லீவரை மறுபடி இழுத்தார், ஒன்றும் வரவில்லை. இன்னும் மூன்று முறை இழுத்தார், வரவில்லை. சுண்டுவிரலை விட்டுத் துழாவினார், காலி. டாக்டர் முன்னால் பல்வலி நின்றுவிடாமல், வலியோடே போய் உட்கார்ந்த நோயாளியின் திருப்தி அவருக்கு. சமையலறை மேசையில் உட்கார்ந்து கட்டம் கட்டமான எழுத்தில் எழுதினார்: 'ஆறு போட்டேன். ஐந்து வந்தன. ஆறாவது வரவில்லை.' தாளை உள்ளே வைத்து, பெட்டியை ஒட்டி, நாற்பது மைல் ஓட்டிப்போய்க் கூரியர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார்.

மூன்று மணிக்கு உணவு விடுதியில், இறைச்சியும் கிழங்கும் பொதிந்த பாஸ்டியை டேல் இரண்டாக வெட்டிக்கொண்டிருந்தார்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பியாச்சு."

"புரியற மாதிரி எழுதினியா? நீ எழுதினா தந்தி மாதிரி இருக்குமே."

ரெய்னோ அபூர்வமாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "காலையில சுட்டுப் பாத்துட்டே எழுதினேன். ஆறு போட்டேன், அஞ்சுதான் வந்துது. கையும் களவுமா மாட்டிக்கிச்சு."

"அப்ப ஆறாவது?"

"வரலை."

"வரலைன்னா எங்கடா போச்சு? டிக்கெட் எடுத்துக்கிட்டுக் கம்பெனிக்கா?"

டேல் தன் நகைச்சுவைக்குத் தானே சிரிக்கத் தொடங்கி, எதிரே இருந்த முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார். முகத்தில் ரத்தம் இல்லை. முள்கரண்டியை ரெய்னோ மெதுவாக, சத்தம் வரக்கூடாது என்பதுபோல, தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"டேய், விளையாட்டுக்குத்தான் சொன்னேன்."

"குழாய்க்குள்ள இருக்கு" என்றார் ரெய்னோ.

கூரியர் எண்ணுக்குப் போன் செய்தால் ஒரு குரல், பார்சல் இருக்குமிடம் அறிய ஒன்றை அழுத்தச் சொன்னது. ஒன்றை அழுத்தினால் மறுபடி அதே குரல். நான்கு மணிக்கு அங்கிருந்து லாரி கிளம்பிவிடும். வெளியே மழையும் பனியும் கலந்து விழுந்துகொண்டிருந்தது. பனிச்சாலையில் பிறர் வேகத்தைத் திட்டியே காலம் கழித்தவர் அன்று ஓட்டிய வேகத்தை மார்லிஸிடம்கூடச் சொன்னதில்லை.

வழியெல்லாம் அவர் கண்ணில் இருந்தது ஒரு மேசை. ஜலதோஷக்காரியின் கணவர் பெட்டியைப் பிரிக்கிறார். தாளைப் படிக்கிறார். லீவரை ஒருமுறை தள்ளி இழுக்கிறார். இத்தனை தூரம் குலுங்கி வந்ததில் இளகிப்போன தோட்டா, சமர்த்தாக ஏறி உட்காருகிறது. அவர் விசையைச் சும்மா அழுத்திப் பார்க்கிறார். பக்கத்து மேசையில் யார் இருப்பார் என்று யோசிக்காமலிருக்க, ரெய்னோ கண்ணாடித் துடைப்பானின் வீச்சுகளை எண்ணினார்.

மணி மூன்று ஐம்பத்திரண்டு. கவுண்டரில் கிளெண்டா, அகலமான தோள், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி.

"காலையில வந்தவர்தானே? என்ன ராசா, எதையாவது மறந்துட்டீங்களா?"

"ஆமா."

"உள்ள வைக்கணுமா, வெளிய எடுக்கணுமா?"

"வெளிய எடுக்கணும்."

கிளெண்டா கண்ணாடியை மூக்கில் ஏற்றி அவரை ஒருமுறை பார்த்தார். அடையாள அட்டையை மட்டும் வாங்கிப் பார்த்தார். பின்பக்கத் தள்ளுவண்டியில், லாரிக்குக் காத்திருந்த பெட்டிகளுக்கு அடியிலிருந்து நீளமான அந்தப் பெட்டியை உருவிக் கொடுத்தார்.

"இங்க பிரிக்கக் கூடாது. உங்க வண்டிக்கு எடுத்துட்டுப் போங்க. ஆளில்லாத பக்கமா."

ரெய்னோ வண்டியின் பின்பலகையை இறக்கித் துண்டை விரித்து, பெட்டியைப் பிரித்து, முனை காட்டைப் பார்க்கத் துப்பாக்கியைக் கிடத்தினார். லீவரைத் தொடவில்லை. குழாயின் முனைத் திருகை ஸ்க்ரூ டிரைவரால் கழற்றினார். ஸ்பிரிங் அரை முழம் எகிறி வெளியே வந்தது. முனையைத் தாழ்த்தினார். ஒன்றுமில்லை. அடிப்புறத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார். வழுக்கிக்கொண்டு வந்தது, பித்தளை மின்ன, துண்டின் மேல் பொத்தென்று விழுந்தது.

டார்ச் அடித்துக் குழாய்க்குள் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். அப்புறம்தான் மூச்சு விட்டார். அந்த மூச்சு வாயிலிருந்து புகையாகப் போய்க்கொண்டே இருந்தது.

"ஒண்ணுதானா?" வாசலில் கைகட்டி நின்றிருந்தார் கிளெண்டா.

"ஒண்ணுதான்."

"எங்க வீட்டு ஃபிரிட்ஜுல இன்னும் ஓட்டை இருக்கு. பால் வைக்கிற தட்டுக்கு நேரா. எங்க வீட்டுக்காரரும் துப்பாக்கி காலின்னுதான் சொன்னார்." ரெய்னோ ஸ்பிரிங்கைப் பூட்டித் துப்பாக்கியை உள்ளே வைத்ததும், டேப்பை எடுத்து வந்து பெட்டியை மூன்று சுற்று சுற்றினார். "பால் குடிக்கும்போதெல்லாம் சொல்லிக் காட்டுறேன். இருபத்திரண்டு வருஷமா."

ரெய்னோ சிரித்தார்.

லாரி வந்து நின்றது. ஓட்டுநர் இளைஞன், தொப்பியில் ஈரம் சொட்ட, பெட்டியைத் தூக்க வந்தான். ரெய்னோ குறுக்கே புகுந்து பெட்டியைத் தானே இரண்டு கையிலும் ஏந்திப் போய், லாரிக்குள் சாயாத மூலையாகப் பார்த்து வைத்தார். இறங்கியதும் கையை நீட்டினார். யாரென்றே தெரியாத அந்தப் பையன், பழக்க தோஷத்தில் தன் கையைக் கொடுத்தான்.

கிளெண்டா பட்டியலில் எழுதி முடித்து, லாரியின் கதவைச் சாத்தி, கொக்கி போட்டுவிட்டார். ரெய்னோ அந்தக் கையை இன்னும் விடவில்லை.