படம் காட்ட வந்தவர்

கொழும்பிலிருந்து ஒருவர் வந்து எங்களைப் படம் கீற வைக்கப் போகிறார் என்று முகாமையாளர் அறிவித்த அன்றே எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காமல் போய்விட்டது. முகத்தைக்கூட அதுவரை பார்க்கவில்லை. பார்த்த பிறகு இன்னும் பிடிக்கவில்லை.

நான் வேலை செய்வது துறைமுகத்துப் பக்கம், மீன் பொதி செய்து ஏற்றுமதி பண்ணும் ஓர் இடத்தில். பெண்கள் பகுதிக்கு நான்தான் மேற்பார்வை. லிங்கநகரிலிருந்து காலையில் ஸ்கூட்டியில் வந்து, பகல் முழுக்க ஈரத்தரையில் நின்று, மீன் வெடுக்கோடு வீடு திரும்புகிறவள். எங்களுக்கு அந்த நாட்களில் தேவைப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: குளிரறைக் கதவுக்கு உள்பக்கத்தில் ஒரு கைபிடி. இருந்தது உடைந்து விழுந்துவிட்டது. கதவு சாத்திக்கொண்டால் உள்ளே நிற்பவரால் வெளியே வர முடியாது. யாராவது வெளியிலிருந்து திறக்க வேண்டும்.

கிண்ணியாவிலிருந்து வருகிற ஒருத்தி ஒருமுறை அப்படி அகப்பட்டுக்கொண்டாள். இயந்திரச் சத்தத்தில் அவள் தட்டியது யாருக்கும் கேட்கவில்லை. தேநீருக்கு ஆளைக் காணவில்லையே என்று தேடிப்போய்த் திறந்தது நான். உதடு நீலம் பாரித்து, தட்டித் தட்டி வீங்கிய கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை.

“அக்கா, நான் கலிமா எல்லாம் சொல்லி முடிச்சிட்டன்,” என்றாள். சாகிற நேரத்தில் சொல்வதைச் சொல்லிவிட்டு நின்றிருக்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்த இடத்தின் மீது ஏற்பட்ட வெறுப்பு இன்றுவரை குறையவில்லை.

அதற்குப் பிறகு உள்ளே போகும்போது கதவிடுக்கில் ஒரு மீன் பெட்டியைச் செருகி வைத்தோம். குளிர் வெளியே போகிறது, கரண்ட் பில் ஏறுகிறது என்று முகாமையாளர் அதற்கும் தடை போட்டார். அப்படியென்றால் கைபிடியைப் போடுங்கள் என்றேன். கதவு விற்ற கம்பனிக்காரர்தான் வந்து போட வேண்டுமாம். நாங்கள் கை வைத்தால் வாரண்டி போய்விடுமாம். கம்பனிக்காரர் வந்தபாடில்லை. கிண்ணியாக்காரி உள்ளே போகிற ஒவ்வொரு தடவையும் நான் என் வேலையை விட்டுவிட்டுக் கதவடியில் காவல் நின்றேன்.

இந்த நிலைமையில்தான் படக்காரர் வந்து இறங்கினார். வேலைத்தளத்தை எப்படித் திருத்தலாம் என்ற யோசனையை எங்கள் வாயாலேயே எடுப்பது அவருடைய தொழிலாம். சாப்பாட்டு அறை மேசைகளில் பெரிய பெரிய தாள்களை விரித்து, ஆளுக்கொரு கலர் மார்க்கர் கொடுத்தார்.

“முறைப்பாடு வேண்டாம். படமாச் சொல்லுங்கோ. உங்கட வேலைத்தளம் ஒரு படமெண்டா, அது என்ன படம்?”

முகாமையாளர் கதிரையில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவரை வைத்துக்கொண்டு வேறு எதைக் கீறுவது? ஒருத்தி சூரியன் கீறினாள். ஒருத்தி தோணி. ஒருத்தி பூமரம். எல்லாவற்றுக்கும் படக்காரர் “அருமை, அருமை” என்றார். எனக்குக் கீற வராது என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

கிண்ணியாக்காரி ஒரு கதவைக் கீறியிருந்தாள். சாம்பல் நிறத்தில் கனத்த கதவு. கைபிடி இல்லை. உள்பக்கத்தில் சின்னதாக ஒரு பெண், முக்காட்டோடு.

படக்காரருக்குப் புல்லரித்துவிட்டது. தாளைத் தூக்கிப் பிடித்தார். “எல்லாரும் பாருங்கோ! இந்தக் கதவு என்ன? எங்கட மனம். ஆர் சாத்தினது? நாங்கள்தான். அப்ப கைபிடி எங்க இருக்கு? எங்களுக்குள்ள!”

“இல்ல சேர்,” என்றாள் அவள். “இது கூல் ரூம் கதவு.”

“ஓம், ஓம்! பயமும் ஒரு கூல் ரூம்தானே? ஆளை விறைக்க வைக்கும்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “சேர், அவ உவமை சொல்லேல்லை. சுவருக்கு அங்கால இருக்கிற கதவைத்தான் கீறியிருக்கிறா. கைபிடி உடைஞ்சு கிடக்குது. இவ உள்ளுக்கு மாட்டுப்பட்டுச் சாகக் கிடந்தவ.”

முகாமையாளரின் சிரிப்பு நின்றது. படக்காரரின் சிரிப்பு நிற்கவில்லை. “பாத்தீங்களோ, ஒரு படம் எவ்வளவு கதையைக் கிளப்புது!” என்று மஞ்சள் மார்க்கரை எடுத்து, அந்தக் கதவில் தன் கையாலேயே பளபளவென்று ஒரு கைபிடியைக் கீறினார். எல்லாரையும் கை தட்டச் சொன்னார். முகாமையாளர் தட்டினார், பிறகு எல்லாரும் தட்டினார்கள். பயத்தில் தட்டினவர்களும் உண்டு, ரோல்ஸும் தேநீரும் வந்துவிட்டதால் தட்டினவர்களும் உண்டு. அந்த மார்க்கரைப் பறித்து அவர் நெற்றியில் ஒரு கோடு இழுத்திருந்தால் எனக்கு அன்றிரவு நித்திரை வந்திருக்கும்.

படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, குளிரறைக்குப் பக்கத்துச் சுவரில் கொழுவினார்கள். கீழே ‘சேர்ந்து திறப்போம்’ என்று எழுதியிருந்தது. கைபிடி மட்டும் வரவில்லை.

ஒருநாள் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கிண்ணியாக்காரி தனியாகக் குளிரறைக்குப் போயிருப்பாளே என்று பதறிக்கொண்டு திரும்பி ஓடிவந்தேன். கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. இடுக்கில் செருகியிருந்தது அந்தப் படம். உள்ளே அவள் ஆறுதலாகப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“பெட்டி வைக்கத்தானே அக்கா கூடாதெண்டவர். படம் வைக்கக் கூடாதெண்டு சொல்லல்லையே.”

அந்த இடத்தில் நான் அவ்வளவு சிரித்தது அன்றுதான். சிரிப்பு அடங்குவதற்குள் முகாமையாளர் வந்துவிட்டார். கண்ணாடி வெடித்திருந்தது. யார் செய்தது என்று கத்தினார். அவளுக்கு வேலை போய்விடும் என்று தெரிந்து, நான்தான் என்றேன். மாடு, மூளையில்லாததுகள் என்றெல்லாம் ஏசினார். பிறகு, இனி ஒருத்தரும் கழற்ற முடியாதபடி படத்தைச் சுவரோடு சேர்த்து ஆணி முடுக்கச் சொல்லிக் கட்டளையிட்டார்.

முடுக்க வந்தவர் எங்கள் திருத்துவேலைகளைப் பார்க்கிற, கப்பல்துறை ஊர்க்கார மேஸ்திரி; பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். கையில் துளை போடும் மெசின். கதவுக்குப் பொருந்தக்கூடிய ஒரு கைபிடி எப்போதிருந்தோ சுத்தியலும் குறடும் வைத்திருக்கிற அவருடைய ஆயுதப் பெட்டிக்குள் கிடந்தது எனக்குத் தெரியும். படத்துக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

“முதல்ல கதவு, பாஸ்.”

“சேர் சொல்லாமல் ஏலாது தங்கச்சி.”

“சேர் கை தட்டினவர். இஞ்ச பாருங்கோ, எந்த இடத்தில போட வேணுமெண்டு மஞ்சளாலை கீறியும் கிடக்குது.”

பாஸ் படத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். தலையைச் சொறிந்துவிட்டு மெசினின் வயரைக் கதவுப் பக்கம் இழுத்தார்.

முகாமையாளர் கண்டார், உறுமினார், கழற்றச் சொல்லவில்லை. அடுத்த முறை வந்த படக்காரர் கைபிடியைப் போனில் படமெடுத்துக்கொண்டு போனார். ஒரு படம் ஒரு கதவைத் திறந்த கதையை இப்போது போகிற இடமெல்லாம் சொல்கிறாராம். நாசமாய்ப் போவார்.

“சொல்லட்டுமே அக்கா, கைபிடி வந்திட்டுதானே,” என்கிறாள் கிண்ணியாக்காரி. அவளுக்கு என்னளவு கோபம் இல்லை. ஆனால் இன்றைக்கும் குளிரறைக்குப் போகுமுன் என்னைத் தேடி வருகிறாள்.

“அக்கா, நான் உள்ளுக்குப் போறன்.”

“அதுதான் கைபிடி இருக்குதே?”

“இரிக்கி. நீங்களும் நில்லுங்க.”

நிற்கிறேன்.