முருங்கைக்கு ஊற்றிய பால்

ஷாஹீனின் ஆராய்ச்சி கிணறுகளைப் பற்றியது. பிள்ளைச்சாவடியில் கடலோரமாக இருக்கும் இருபத்தாறு கிணறுகளில் எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது என்று இரண்டு வருடம், வாரம் தவறாமல் அளக்க வேண்டும். நடுவில் விட்டால் மொத்தமும் நொண்டியடிக்கும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். கிணறு காத்திருக்காது, பிள்ளை காத்திருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எல்லோரும் என்ன எல்லோரும், ஷாஹீனே அப்படித்தான் நினைத்தாள்.

ஷாஹீனுக்கு மகள் அரீபா பிறந்த ஒரு மாதத்தில் அதே வீட்டில் இன்னொரு பிரசவம். ஷாஹீனின் கணவன் ஆரிபுக்கு அக்கா பதுருன்னிசா. அவளுடைய கணவன் ஸாகிப் பிரான்சில் வேலை பார்த்தான். விசா வருகிறது, வருகிறது என்று அவள் தாய்வீட்டு மாடியில் காத்துக்கிடந்தாள். அவளுக்குப் பிறந்த பையன் மூன்று நாள்தான் இருந்தான். பிள்ளை போய்விட்டது, பால் மட்டும் போகவில்லை.

பிரசவத்தின் நாற்பது நாள் கழிந்ததும் ஷாஹீன் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குக் கிளம்பினாள். அதுவரை அவளுக்குப் பதிலாக அளந்து கொடுத்த தோழிகளுக்கும் சொந்த வேலை இருக்குமல்லவா? பத்து மணிக்குள் பதுருன்னிசாவிடமிருந்து போன் வந்தது.

"ஷாஹீன், புள்ள பாட்டிலத் தள்ளித் தள்ளி விடுது. கத்திக் கத்தித் தொண்டையே கட்டிக்கிச்சு. எனக்கும் மார் கட்டிக்கிட்டு உயிர் போவுது. நான் குடுக்கட்டுமா?"

ஷாஹீனின் ஒரு கையில் கிணற்றுக்குள் இறங்கிய கயிறு, மறு கையில் போன். "குடுங்கக்கா. இதக் கேக்கணுமா?" என்றாள். அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிவிட்டு உப்பின் அளவைக் குறித்துக்கொண்டாள்.

பால் கொடுத்தவளும் தாய்தான், அவள் பெற்றவர்கள் கூடப்பிறந்தவர்கள்தான் என்பது மார்க்கத்தில் உள்ளது. சேதி கேட்டு வந்த சொந்தக்காரப் பெண்கள் சும்மா இருப்பார்களா? "போச்சு போ! இனிமே பதுருக்குப் பையன் பொறந்தா இவளுக்கு அத்த மவன் இல்ல, தம்பி! வீட்டோட இருந்த மாப்பிள்ளைய வுட்டுட்டியேடி ஷாஹீன்!" என்று கேலி செய்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். மாப்பிள்ளை போனதைத்தான் அன்று எல்லோரும் பேசினார்கள்.

கிணற்றடியில் அவளுக்கும் பால் கட்டியது. ஒன்பதாவது கிணற்றுக்காரி கன்னியம்மாள் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தன் வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். பிழிந்த பாலைச் சொம்பில் ஏந்தி வெளியே வந்தவளிடம், "கால் படற எடத்துல ஊத்தாதம்மா. அந்த முருங்கைக்கு ஊத்து" என்றாள். வாரா வாரம் அந்த மரத்துக்குத்தான் ஊற்றினாள். பெற்ற பிள்ளைக்கு உரியதை மரத்துக்கு ஊற்றிவிட்டு அடுத்த கிணற்றுக்குப் போகும்போது, நெஞ்சு அடைக்கும். அடைத்தால் என்ன செய்வது? பதினேழு கிணறு பாக்கி இருக்கும்.

கிணறு முடிந்தால் எழுத்து. "இன்னும் ஒரு அத்தியாயந்தாங்க்கா" என்று சொல்லிச் சொல்லியே ஐந்து அத்தியாயம் ஓடியது. அரீபாவின் தலையணை மாடிக்குப் போனது, பிறகு கவுன்கள் போயின. யாரும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை, அவளேதான் மடித்துக் கொடுத்தாள். பேச்சு வந்தபோது குழந்தை பதுருன்னிசாவை அம்மா என்றது. அந்த அம்மா கூப்பிடுவதைக் கேட்டுத் தன்னைப் பெற்றவளை ஷாஹீன் என்று பேர் சொல்லிக் கூப்பிட்டது. "டாக்டரம்மாவயே பேர் சொல்ற ஆளு!" என்று ஆரிப் சிரித்தான். தட்டாஞ்சாவடி பட்டறையிலிருந்து அலுத்து வரும் மனிதனுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

வாய்மொழித் தேர்வு முடிந்து, எல்லோரும் கைதட்டி, முனைவர் ஷாஹீன் என்று பேர் சொன்ன அதே வாரம் விசாவும் வந்தது. மூன்றரை வயது அரீபா ஓடியாடிக்கொண்டிருக்க, பதுருன்னிசா பெட்டி கட்டினாள். ஷாஹீனுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. இனி என் பிள்ளை எனக்கு என்று தோன்றியதும் அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

"நான் போனப்புறம் போன் பண்ண மாட்டேன் ஷாஹீன்" என்றாள் பதுருன்னிசா, கவுனை மடித்தபடியே. "என் கொரல் கேட்டா அவ உங்கிட்ட ஒட்ட மாட்டா. நீயும் பண்ணாத. ஒரு மாசத்துல மறந்துடுவா."

"நீங்க மறந்துடுவீங்களாக்கா?"

பதுருன்னிசா அடுத்த கவுனை எடுத்து மடித்தாள். மூன்று நாள் பிள்ளையையே மறக்காதவள், என்ன சொல்லுவாள்?

அவள் போன அன்று முழுக்க அரீபா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். ஷாஹீன் சோறு ஊட்டினால் உமிழ்ந்தாள், தூக்கினால் விறைத்தாள். கிணற்றின் உப்பைக் கரைத்துக் குடித்தவள் என்று ஊரில் பேரெடுத்தவளுக்குத் தன் பிள்ளைக்கு ரசஞ்சாதத்தில் உப்பு எவ்வளவு வேண்டுமென்று தெரியவில்லை. பதுருன்னிசாவிடம் கேட்டால் தெரியும். கேட்கக் கூடாது.

பதினோராம் நாள் மத்தியானம் குழந்தை தானாக வந்து அவள் மடியில் தலை வைத்தது. ஷாஹீன் ஆடாமல் அசையாமல் இருந்தாள். மூன்றரை வருடம் கழித்து என் மடிக்கு வந்துவிட்டாள் என்று கண் நிறைந்தது.

"ஷாஹீன்" என்றது குழந்தை, சன்னமாக.

"சொல்லுடி கண்ணு."

"நான் இனிமே சோத்தத் துப்ப மாட்டேன். அம்மாவ வரச் சொல்றியா?"

நான்தாண்டி உன் அம்மா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருக்கலாம், சொல்ல உரிமை இருந்தது. இன்னும் இருபது நாள் பல்லைக் கடித்திருந்தால் குழந்தை மறந்தும் போயிருக்கும். அந்தக் காய்ந்த உதட்டைப் பார்த்தபடி மறக்கவைக்க அவளால் முடியவில்லை. போனை எடுத்தாள். ஒரே மணியில் எடுத்துவிட்டாள் பதுருன்னிசா, கையிலேயே வைத்திருந்தவள் போல.

"அக்கா, உங்க புள்ள உங்களக் கேக்குது" என்றாள் ஷாஹீன். "பேசுங்க."

குழந்தை இரண்டு கையாலும் போனைப் பிடுங்கிக்கொண்டு மடியிலிருந்து எழுந்து மாடிப்படிக்கு ஓடியது. ஷாஹீன் எழுந்து அடுப்படிக்குப் போய்ச் சோறு பிசைந்தாள்.