தலைக்கு ஒன்று, கல்லீரலுக்கு ஒன்று

எனக்கு மாதத்தில் ஐந்தாறு நாள் ஒற்றைத் தலைவலி வரும். வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருக்கும்போதே கரும்பலகை மங்கும். பிள்ளைகளை வாய்ப்பாடு எழுதச் சொல்லிவிட்டு மேசையில் தலையைச் சாய்த்துக்கொள்வேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எதற்கு வாய்ப்பாடு என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அவர்களுக்கும் விஷயம் தெரியும். இருபது வருடமாக இதே கதைதான். அதனால், பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த அண்ணன் பெட்டியைத் திறந்து, சாக்லேட்டுக்கும் செண்ட் பாட்டிலுக்கும் நடுவிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்து நீட்டியபோது, நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

“காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு போடு. பட்டர்பர்னு ஒரு செடி. அங்க ஆத்தோரமா மொளைக்கும்” என்றான்.

எங்கள் ஊரில் பிரான்சிலிருந்து வரும் பொருளுக்குத் தனி மரியாதை உண்டு. முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில், தேதி முடிந்த இருமல் மருந்தைக்கூடக் கண்ணாடி அலமாரியில் முன்வரிசையில் வைத்திருக்கிறார்கள். நானும்தான் வைத்திருக்கிறேன். டப்பாவில் இருந்த பிரெஞ்சு எனக்கும் புரியவில்லை, என் வீட்டுக்காரருக்கும் புரியவில்லை. புரியாததாலேயே நம்பிக்கை கூடியது.

மாத்திரை வேலை செய்தது. அடுத்த மாதம் ஒரே ஒரு நாள்தான் வலி வந்தது, அதுவும் அரை மனதாக. பின்னங்களை நான் அவ்வளவு பிரியமாக என்றைக்கும் நடத்தியதில்லை.

அந்தச் சந்தோஷத்தில், செடியைப் பற்றிப் போனில் படிக்க ஆரம்பித்ததுதான் தப்பு. ஒற்றைத் தலைவலிக்கு இது உதவுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்தாலும் ஓரளவு பேருக்குக் குறையத்தான் செய்கிறது. அதோடு, செடியிலேயே கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கிறதாம். அதை நீக்கிவிட்டுத்தான் மாத்திரை செய்ய வேண்டும். நீக்கியதாகச் சொன்னதைச் சாப்பிட்டும் சிலருக்குக் கல்லீரல் கெட்டதால், முன்பு பரிந்துரைத்த மருத்துவர்களே பின்வாங்கிவிட்டார்கள். அந்த அகல இலையில் அந்தக் காலத்தில் வெண்ணெய் மடித்தார்கள் என்றும் போட்டிருந்தது. நான் வாசித்துக் காட்டியதில் என் வீட்டுக்காரர் அதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்.

“வெண்ண மடிக்கிற எலை என்னா பண்ணிடப் போவுது?” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “கல்லீரல்தான பிரச்சன? அதுக்கு நம்மகிட்ட இல்லாத மருந்தா?” என்றார்.

மறுநாளே, தட்டாஞ்சாவடியில் தான் வேலை பார்க்கும் பட்டறைக்குப் பின்னாலிருந்து ஒரு கை கீழாநெல்லியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். காலையில் வெறும் வயிற்றில், அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார். கால் மணி நேரம் கழித்துப் பிரான்ஸ் மாத்திரை. கீழாநெல்லிக்குப் பத்தியம் உண்டு என்று உப்பு, புளி, எண்ணெய், மீன் எல்லாவற்றையும் நிறுத்தினார். காப்பியையும் நிறுத்தினார். ஒரு நாளைக்கு நான்கு டம்ளர் குடிக்கிறவள் நான்.

இரண்டாம் நாள் மண்டை பிளந்தது. இருபது வருடத்தில் அப்படி ஒரு வலி வந்ததில்லை.

“தலவலி கூடிடிச்சா? மாத்தரைய ரெண்டா போடு. கீழாநெல்லியயும் ரெண்டு பங்கா அரைச்சிடறேன்” என்றார்.

நான் கணக்கு டீச்சர். தலைவலிக்கு மாத்திரை, மாத்திரைக்குக் கீழாநெல்லி, கீழாநெல்லிக்காகக் காப்பி இல்லை, காப்பி இல்லாததால் தலைவலி. இந்தக் கணக்குக்கு விடையே கிடையாது என்று அந்த வலியிலும் தெரிந்தது. டாக்டரிடம் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்து, கல்லீரல் நன்றாக இருக்கிறது, இரண்டையும் நிறுத்திவிட்டுக் காப்பி குடியுங்கள் என்றார். கல்லீரலைக் காப்பாற்றியது கீழாநெல்லிதான் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

காப்பி குடித்ததும் மண்டை அடங்கியது. ஆனால் டப்பாவைத் தூக்கிப்போட எனக்கு மனசே வரவில்லை. வலியில்லாத ஒரு மாதம் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டேன். பழையபடி மேசையில் தலை சாய்க்கப் பயமாக இருந்தது. நஞ்சை நீக்கிய மாத்திரை என்று அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், டாக்டரையும் மீறிப் போடலாம் என்று, பிரான்சுக்குத் திரும்பிவிட்டிருந்த அவனுக்குப் போன் செய்தேன்.

“வெசத்த எடுத்துட்டாங்கன்னு டப்பால எழுதிருக்காண்ணே? நீதான பிரெஞ்சு படிப்ப.”

“தெரியல. நான் படிச்சிப் பாக்கல.”

“படிக்காமயா எனக்கு வாங்கன?”

“உனக்குன்னு வாங்கல. கல்லீரல் கெட்டுடும், நிறுத்துன்னு இங்க டாக்டர் சொல்லிட்டாரு. புது டப்பா, பிரிக்கக்கூட இல்ல. தூக்கிப்போட மனசு வரல, அதான் எடுத்தாந்தேன்.”

“அங்க வேணான்னத எனக்குக் குடுத்தியா? என் கல்லீரல் மட்டும் என்னா இரும்பா?” என்று கத்திக்கொண்டே போனவள், பாதியில் நின்றேன். “டாக்டர் யாருக்குச் சொன்னாரு?”

“எனக்குத்தான். எனக்கும் அதே தலவலிதான். இங்க வந்ததுலேருந்து இருக்கு.”

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அண்ணன் போன் செய்வான். என் தலைவலிக் கதையைத்தான் முதலில் ஆரம்பிப்பேன், கடைசிவரை அதுதான் ஓடும். ஒரு நாளாவது இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

“நீ பொலம்பி முடிக்கவே நேரம் ஆயிடும். நடுவுல நான் எங்க சொல்றது?” என்றான், சாதாரணமாக.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாத்திரைகளைக் குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டு, “உனக்கு எப்பிடி வரும், சொல்லுண்ணே” என்றேன். அவன் பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.