இசக்கிப்பாண்டியின் பதினோரு விநாடி

தென்காசியில் ஒரு வீடியோ ஸ்டுடியோவில் பதினாறு வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஜெயசித்ரா. மணமக்களைத் தாமரைப் பூவுக்குள் உட்கார வைப்பது, தாலி கட்டும்போது வானத்திலிருந்து ரோஜா இதழ் கொட்டுவது எல்லாம் அவருடைய கைவேலை. முதலாளி கடையை மூடிவிட்டு மகனோடு கோயம்புத்தூர் போனபோது இரண்டு பழைய வி.சி.ஆர்களை அவரிடம் விட்டுப்போனார். அவற்றை வைத்துக் குத்துக்கல்வலசையில் தன் வீட்டு முன்னறையிலேயே தொழில் தொடங்கினார். ஊரில் எல்லோரும் கட்டில் அகலத்துக்கு டிவி வாங்கி மாட்டியிருந்தார்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய கல்யாண கேசட்டை அதில் பார்த்தால் மாமியார் யார், மருமகள் யார் என்று தெரியவில்லை. அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, புது டிவிக்குத் தகுந்தபடி தெளிவாக்கித் தருவதுதான் ஜெயசித்ராவின் வேலை.

போன ஆனி மாதம் முப்பிடாதியம்மாள் ஒரு கேசட்டோடு வந்தார். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் முருங்கைக்காய் கமிஷன் கடை நடத்துகிறவர். போலீஸில் இருக்கும் மகன் மாரிச்செல்வம் அவருக்குப் பெரிய டிவி வாங்கிக் கொடுத்திருந்தான்.

"கல்யாணத்த விடு தாயி. மறுநாள் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம், அதையும் கேமராக்காரன் எடுத்திருக்கான். அதுல எங்க அண்ணன் வருதான். அத மட்டும் நல்லாப் பாத்துக் குடு" என்றார்.

அண்ணன் பெயர் இசக்கிப்பாண்டி. ராணுவத்தில் இருந்தார். தங்கைக்குக் கல்யாணம் முடிந்த மூன்றாம் வருடம் வடக்கே பனிச்சரிவில் இறந்துபோனார். வீட்டில் இருந்தது ஒரே ஒரு போட்டோ: தொப்பியும் இறுக மூடிய வாயுமாக, சீருடையில் எடுத்தது. அவர் சிரிப்பது அந்த கேசட்டில் மட்டும்தான்.

சாரல் காலத்து ஈரத்தில் நாடா முழுக்க வெள்ளைப் பூஞ்சை. ஜெயசித்ரா இரண்டு நாள் பொறுமையாகத் துடைத்தார். ஓட்டிப் பார்த்தபோது, எண்ணெய் தேய்த்த உடம்போடு பாறை ஓரத்தில் ஓர் இளைஞர் நிற்பது மங்கலாகத் தெரிந்தது. பதினோரு விநாடிதான். முகம் கலங்கல். அதற்கென்று ஜெயசித்ராவிடம் ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. கலங்கிய இடத்தில் கண், மூக்கு, வாய் எப்படியிருக்கும் என்று தானே ஊகித்து வரைந்துவிடும். அதில் போட்டதும் முகம் பளிச்சென்று வந்தது. இமைமுடிகூட எண்ணலாம் போலிருந்தது. அவருக்கே பெருமையாக இருந்தது.

பெரிய டிவியில் போட்டுக் காட்ட, மாரிச்செல்வம் விடுமுறையில் வந்திருந்த அன்றைக்கு அவர்கள் வீட்டுக்கே போனார். முப்பிடாதியம்மாள் கண்ணெடுக்காமல் பார்த்தார். முடிந்ததும் எழுந்துபோய் காபி கொண்டுவந்து கொடுத்தார்.

"எம்மா, எப்படி இருக்கு, சொல்லேன்" என்றான் மகன்.

"நல்லாத்தாம்லே இருக்கு." பிறகு ஜெயசித்ராவின் பக்கம் திரும்பினார். "தப்பா நெனைக்காத தாயி. இது யாரோ ஒரு பையன். எங்கண்ணன் இல்ல. அவனுக்கு முன்பல்லு பாதி கெடையாது, கபடி வெளையாடப் போயி ஒடச்சுக்கிட்டான். ஒம் மிசினு முழுப்பல்லு வச்சிருக்கு. கண்ணும் அவன் கண்ணு இல்ல."

ஜெயசித்ராவுக்கு முகம் சுண்டிப்போனது. இத்தனை நாளில் யாரும் இப்படிச் சொன்னதில்லை. "யக்கா, ஒரு வாரம் குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

அந்த சாஃப்ட்வேரை ஒதுக்கிவைத்தார். நாடாவை ஏழு தடவை ஓட்டி, ஏழு தடவையும் பதிவு செய்தார். ஒவ்வோர் ஓட்டத்திலும் படத்தில் புள்ளிகள் வேறு வேறு இடத்தில் தெறிக்கும். ஏழையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் புள்ளிகள் கரைந்து, நாடாவில் உண்மையிலேயே பதிந்தது மட்டும் நிற்கும். அதைத்தான் செய்தார். கேமராக்காரனின் கை நடுக்கத்தைச் சரிசெய்தார், நீலம் ஏறிப்போயிருந்த தோலின் நிறத்தைத் திருத்தினார். முகம் இமைமுடி தெரிகிற மாதிரி வரவில்லை. ஆனால் சிரிக்கும்போது பல் வரிசையில், பாதிப் பல் இல்லாத இடம் கறுப்பாகத் தெரிந்தது.

பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒலியைப் பிடித்தார். அருவி இரைச்சலைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போனபோது அடியில் ஒரு குரல் கேட்டது. ஜெயசித்ரா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மாரிச்செல்வத்தின் விடுமுறை முடிவதற்குள் மறுபடி அவர்கள் வீட்டுக்குப் போனார். குரலைப் பற்றி முப்பிடாதியம்மாளிடம் முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை. படம் ஓடியது. இசக்கிப்பாண்டி சிரித்தார். டிவியிலிருந்து சத்தம் வந்தது: "ஏட்டி, செருப்ப நான் வச்சிக்கிடுதேன். நீ மாப்பிள்ளையோட போ."

முப்பிடாதியம்மாள் டிவிக்குக் கிட்டே போய்விட்டார். "அவன் கையில பாருலே, என் செருப்பு!" என்று மகனிடம் சொன்னார். "புதுச் செருப்பு, தண்ணியில போயிருமேன்னு நான் அழுதேன். நான் குளிச்சி முடிச்சி வாரவரைக்கும் கையிலயே வச்சிக்கிட்டு நின்னாம்லே." சொல்லச் சொல்ல அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பதினோரு விநாடியை மறுபடி மறுபடி போடச் சொன்னார். மாரிச்செல்வம் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன மாமா. அவர் குரலை அவன் அன்றைக்குத்தான் கேட்டான். எத்தனை தடவை என்று பார்க்காமல் ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருந்தான்.

வீட்டுக்கு வந்த ஜெயசித்ராவுக்கு மனசு சும்மா இருக்கவில்லை. அந்த சாஃப்ட்வேரால் முகம் திருத்திக் கொடுத்த வீடுகள் முப்பத்தொன்று. ஒவ்வொருவருக்கும் போன் செய்து நடந்ததைச் சொல்லி, வேறு மாதிரி செய்து தருவதாகச் சொன்னார். பலர் சரியென்றார்கள். சிலர் சிரித்துவிட்டு, இருக்கட்டும் விடுங்கள் என்றார்கள். செங்கோட்டையில் ஓய்வுபெற்ற டீச்சர் அகிலாண்டேஸ்வரி மட்டும் வருத்தப்பட்டார்.

"எங்க அம்மா மொகம் எனக்கே மறந்துபோச்சும்மா. ஒரு வருஷமா நீ குடுத்த மொகத்தத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். அதப் போயி இல்லைன்னு சொல்லுதியே."

"மன்னிச்சிருங்க டீச்சர். நீங்க சொன்னா அப்படியே விட்டுருதேன்."

"விட்டுரு" என்று டீச்சர் போனை வைத்துவிட்டார்.

ஆனாலும் ஜெயசித்ரா அந்தப் படத்தையும் புதிதாகச் செய்து, டீச்சர் பெயர் எழுதி எடுத்துவைத்தார். இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. டீச்சர் இறங்கி, குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார்.

"நான் வேண்டாம்னாலும் நீ செஞ்சு வச்சிருப்பன்னு தெரியும். அந்த இன்னொரு அம்மாவக் காட்டு, பாப்போம்" என்று நாற்காலியை டிவிக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.