மூன்று நாள் ஊறிய அரம்

அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில், கோப்பாயில் எங்கள் வீட்டில் நான் தனியாக இருந்தேன். பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அம்மா இறந்து இரண்டு வருடம். தம்பி குடும்பம் கனடாவில். கடிதம் வந்தால் வரும், வராவிட்டால் மாதக்கணக்கில் வராது. பள்ளிக்கூடம் விட்டு வந்து கேற்றைப் பூட்டினால், மறுநாள் காலை பிள்ளைகள் வணக்கம் சொல்லும்வரை என் காதில் ஒரு மனிதக் குரல் விழாது. ரேடியோவுக்குப் போடப் பற்றரியும் இல்லை. தனிமை எனக்குப் பழகிவிட்டது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். முழுப் பொய்.

சண்டையால் வெளியிலிருந்து சாமான் வரத் தடை இருந்த காலம். ஊரே சைக்கிளில்தான் ஓடியது, சைக்கிளுக்கோ உதிரிப்பாகம் கிடையாது. சந்தியில் இருந்த சைக்கிள் கடையை ஒரு பெண் நடத்திக்கொண்டிருந்தாள். புருஷன் ஏதோ அலுவலாகக் கொழும்புக்குப் போனவர், பாதை பூட்டுப்பட்டதில் அங்கேயே நின்றுவிட்டார். இத்தனை வருடம் அவருக்குச் சாமான் எடுத்துக் கொடுத்தே இவள் தொழிலைப் பிடித்திருந்தாள். மிதிக்கட்டையின் தண்டை இறுக்கிப் பிடிக்கும் சின்ன ஆப்பு ஒன்று உண்டு, கொட்டர் பின் என்போம். உடைந்த கட்டடங்களின் கம்பியை வெட்டி, அரத்தால் அராவி அராவி அதைக் கையாலேயே செய்வாள்.

ஒரு நாள் பின்னேரம் என் வீட்டுக்கு வந்தாள். கையில் மழுங்கிப்போன இரண்டு பெரிய அரங்கள்.

"ரீச்சர், பள்ளிக்கூடத்திலை அசிட் இருக்கே? முந்தி இவர் பழைய பற்றரித் தண்ணியிலை போட்டெடுப்பார், பல்லுக் கூராகும்."

பள்ளிக்கூடத்தில் இருந்த அசிட் பிள்ளைகளின் பரிசோதனைக்கே காணாது. ஆனால் ஊறுகாய் போடவென்று வாங்கிய பனங்கள் வினாகிரி வீட்டில் இருந்தது. ஊறுகாயைத் தின்ன ஆளில்லாததால் போத்தல் அப்படியே கிடந்தது. அதுவும் அமிலம்தானே? அரங்களைச் சாம்பல் தண்ணீரில் தேய்த்து எண்ணெய்ப் பசை போக்கி, வினாகிரியில் ஒரு நாள் ஊறவிட்டேன். பிறகு அப்பச்சோடாத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, தேங்காய் எண்ணெய் பூசிக் கொடுத்தேன். அவள் பெருவிரலால் தடவிப் பார்த்துச் சிரித்தாள். "கையைக் கடிக்குது ரீச்சர்!"

அன்றைக்கு அரை மணித்தியாலம் இருந்து கதைத்தாள். புருஷனின் குறட்டையைப் பற்றி, சின்னவன் கடையில் காற்றடிக்கும் பம்மை ஒளித்து வைத்ததைப் பற்றி. வெறும் பிளேன்ரீயும் ஒரு துண்டு பனங்கட்டியும்தான். அவள் போன பிறகு அந்தக் கோப்பையைக் கழுவ எனக்கு மனம் வரவில்லை.

மூன்று கிழமை கழித்துத்தான் மறுபடி வந்தாள், ஒரு சின்ன அரத்தோடு. என் கையில் தந்துவிட்டு, "உது கவனம் ரீச்சர். நுணுக்க வேலைக்கு என்னட்டை உது ஒண்டுதான். உதில்லாட்டி கொட்டர் பின் செய்யேலாது" என்றாள்.

நுணுக்கப் பல். அரை நாள் ஊறினாலே போதும். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

மறுநாள் வந்தாள். "இன்னும் ஊற வேணும் தங்கச்சி, நாளைக்கு வாரும்" என்றேன். தேநீர் குடித்தாள், கதைத்தாள். அடுத்த நாளும் அதையே சொன்னேன். அரத்தை எடுத்து ஒளித்து வைத்துவிட்டாவது பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் எட்டிப் பாத்திரத்துக்குள் பார்ப்பாளே! வினாகிரிதானே, ஒரு நாள் கூடினால் என்ன வந்துவிடப்போகிறது என்று என்னையே சமாளித்தேன். படிப்பிப்பது இரசாயனம்!

மூன்றாம் நாள் அவளுக்கு முன்னாலேயே வெளியே எடுத்தேன். கறையான் அரித்த பலகை மாதிரி இருந்தது. அவள் விரல் வைத்துத் தேய்க்க, பல் பல்லாக உதிர்ந்தது.

மறைக்க முடியவில்லை. "அது முதல் நாளே சரி. நீர் வருவீரெண்டுதான் எடுக்கேல்லை" என்றேன்.

அவள் சத்தம் போடவில்லை. "எனக்கு ரெண்டு பிள்ளையள் ரீச்சர்" என்றாள். அரத்தைச் சீலைத்துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். வெட்கத்தில் அன்று நான் சமைக்கவில்லை.

யார் யாரையோ கேட்டுப் பார்த்தேன், நுணுக்க அரம் எங்கும் கிடைக்கவில்லை. எட்டாம் நாள் கடைக்குப் போனேன். வாசலில் அம்மிக்கல்லைப் போட்டு, ஈர மணல் தூவி, அதில் ஒரு பின்னைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எந்த வாயால் கேட்பது? பக்கத்தில் குந்தி, இன்னொரு பின்னை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினேன். அவள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் அங்கேதான். அரத்தால் கால் மணித்தியாலத்தில் முடிகிற வேலை, கல்லில் ஒரு பின்னேரத்தையே தின்றது.

பல நாட்களுக்குப் பிறகு, கையை நிறுத்தாமலே அவள் சொன்னாள்: "கதைக்க ஆள் வேணுமெண்டால் கேட்டிருக்கலாமே ரீச்சர். நான் சும்மாவே வந்திருப்பன்."

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி எல்லோரும் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது அவளும் பிள்ளைகளும் எந்தப் பக்கம் போனார்களோ தெரியாது. விசாரித்துக்கொண்டே இருக்கிறேன்.

இப்போதும் நான் தனியாகத்தான் இருக்கிறேன். யாராவது வந்துவிட்டு எழும்பும்போது, "எனக்குத் தனிமையாய்க் கிடக்கு, இன்னும் கொஞ்சம் இருங்கோ" என்று வாய்விட்டே கேட்டுவிடுகிறேன். சிலர் இருப்பார்கள், பலர் போய்விடுவார்கள், ஆனால் அவளுடைய அரத்துக்குப் பிறகு வேறு யாருடையதையும் தேவைக்கு மேல் நான் வினாகிரியில் விட்டு வைத்ததில்லை.