இரண்டு வரி அடிக்குறிப்பு

கிறிஸ்தவ வேத நூல்கள் அச்சிடும் அச்சகத்தில் முப்பது வருஷமாக மெய்ப்புப் பார்த்தவர் அவர். காற்புள்ளி ஒன்று இடம் மாறினாலும் கண்ணில் பட்டுவிடும். அதனால் ஆபீசில் அவருக்குப் 'புள்ளிக்காரர்' என்று பேர். மளிகைச் சீட்டைக் கொடுத்தால்கூடத் திருத்திவிட்டுத்தான் கடைக்குப் போவார் என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

அவருடைய அக்கா, கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழித்துப் புருஷனை விட்டு வேறொருவனோடு போனாள். எட்டே மாதத்தில் அவன் கைவிட்டான். ஒரே ஒரு பையோடு தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றாள். சபைக் கமிட்டி கூடி, கோயில் ஆராதனையில் எல்லோருக்கும் கொடுக்கும் அப்பமும் ரசமும், அந்த நற்கருணை, இனி அவளுக்குக் கிடையாது என்று முடிவு செய்தது. கமிட்டியில் புள்ளிக்காரரும் இருந்தார், வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள் அக்கா.

அதற்குப் பிறகு அவள் கோயில் பக்கம் போகவில்லை. சனிக்கிழமை மத்தியானங்களில் மட்டும் மூலப் பிரதியை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுவாள். அவர் அச்சுத்தாளில் விரல் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே வருவார். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களும் அறிஞர்களின் குறிப்புகளோடு வரவிருந்த புதிய பதிப்பு அது. ஒரே சம்பவத்தை மத்தேயு ஒரு விதமாகவும் மாற்கு ஒரு விதமாகவும் சொல்வதைப் பார்த்து, நம் வீட்டுக் கதையை நீயும் நானும் சொன்னால் மட்டும் ஒத்துப்போகுமா என்பாள்.

யோவான் எட்டாம் அதிகாரம் வந்தது. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசுவின் முன் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். உங்களில் பாவமில்லாதவன் முதல் கல்லை எறியட்டும் என்கிறார் அவர்; கல்லெறிய வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைகிறார்கள். நானும் உன்னைத் தண்டிப்பதில்லை என்று சொல்லி அவளை அனுப்பிவிடுகிறார். அந்தப் பன்னிரண்டு வசனங்களும் இந்தப் பதிப்பில் அடைப்புக்குறிக்குள் இருந்தன. அக்கா குரல் மாறாமல் படித்துவந்து, அடிக்குறிப்பையும் படித்தாள். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இப்பகுதி காணப்படவில்லை என்றது அது.

"அப்போ இது அவர் சொன்னதே இல்லையாடா?"

தொழிலைப் பற்றி ஒருவர் கேட்டுவிட்டாரே என்ற சந்தோஷத்தில் புள்ளிக்காரர் பேனாவை வைத்துவிட்டு விளக்கினார். சில ஏடுகளில் இது யோவானின் கடைசியில் இருக்கிறது, சிலவற்றில் லூக்காவில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நடையும் யோவானுடையதில்லை, யாரோ பிற்பாடு சேர்த்தது என்றார். அவள் முகத்தை அவர் பார்க்கவேயில்லை. அவள் மிச்சப் பக்கத்தைப் படித்து முடித்தாள்.

அடுத்த வாரமே, வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் சலவை வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டாள். அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்தவரிடம் மனைவி கேட்டாள்: "அவங்க பிடிச்சிக்கிட்டிருந்தது அந்த ஒரு கதையைத்தான். அதையும் பிடுங்கிட்டீங்களே, தெரியுதா?"

அன்றைக்கே குறிப்புகளை எழுதிய பேராசிரியரைத் தேடிப் போனார். அந்தக் கதை சுவிசேஷத்தில் சேருமுன்பே வாய்மொழியாக உலவியிருக்கலாம், இயேசுவைப் பற்றிய பழைய நினைவு அது என்று நினைப்பவர்கள் நிறைய உண்டு, சபைகளில் பெரும்பாலானவை அதை இன்றும் வேதமாகத்தான் வாசிக்கின்றன என்றார் பேராசிரியர். இதை ஏன் குறிப்பில் எழுதவில்லை என்று இவர் கேட்டதற்கு, இரண்டு வரிக்குத்தான் இடம் கொடுத்தார்கள் என்று பதில் வந்தது.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஈரப் போர்வையின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்துப் பிழியச் சொல்லிவிட்டு, அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள் அக்கா.

"ஏட்டுல இருக்கா இல்லையான்னு தெரிஞ்சு நான் என்னடா பண்ணப் போறேன்? அந்த மாதிரி ஒரு வார்த்தை நீ சொல்லுவேன்னு பார்த்தேன். கமிட்டியிலயும் சொல்லல, வீட்லயும் சொல்லல."

"தப்புதான்க்கா. வீட்டுக்கு வந்துடு."

"இன்னும் நாப்பது போர்வை கிடக்கு. நீ கிளம்பு, பஸ்ஸை விட்டுடாதே."

மாதம் தவறாமல் போய்ப் பார்த்தார். மனைவியின் முட்டிவலியைப் பற்றி விசாரிப்பாள், சிரிக்கக்கூடச் செய்வாள். வீட்டுக்கு மட்டும் வரவில்லை. நாலாவது வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போன் வந்தது. தூக்கத்திலேயே போய்விட்டாளாம்.

அவர் போய்ச் சேர்ந்தபோது வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். துணியை விலக்கி, இந்த முறை முகத்தைப் பார்த்தே பேசினார். கமிட்டியிலும் வீட்டிலும் சொல்லாமல் விட்டதையெல்லாம் சொன்னார். வெளியே வண்டி காத்திருந்தது. ஊழியர் வந்து, நேரமாகிவிட்டது என்று தோளைத் தொட்டபோதுதான் எழுந்தார்.